உப்பு மூட்டைப் பூனை

பூனைத் தலை ஆத்தா கோயில்கொண்ட பெர்பாஸ்த் ஊரில் தெருவில் ஒரு பூனையைக் கொன்றால், கொன்றவனை ஊர் கூடி அடித்தே தீர்த்துவிடும். அதே பூனையைக் கோயிலுக்குப் பின்னால் கொன்றால் அதற்குப் பெயர் சேவை. இரெத்திருவின் புருஷன் பாமி பதினோரு வருஷமாகச் சேவை செய்துகொண்டிருந்தான்.

அந்த ஊர்ப் பேச்சில் பாமி என்றால் கடுவன் பூனை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். கோயில் பட்டியில் வளரும் பூனைகளுக்குப் பத்து மாதம் ஆனதும் கழுத்தைத் திருகுவது அவன் வேலை. மடியில் தூக்கி வைத்துக்கொள்வான். காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுப்பான். அது கண்ணை மூடிக் குர்குர் என்று சொக்கிக் கிடக்கும்போதே ஒரே திருகு. பூனைக்கே தெரியாது என்பான். எந்தப் பூனை திரும்பி வந்து உன்னிடம் சொன்னது என்று இரெத்திரு கேட்பாள். பேச்சு அவனுக்கு வராது. மற்றபடி நல்ல மனுஷன். ஈயை அடிக்கக்கூடக் கை ஓங்காதவன்.

அவன் முடித்து அனுப்பியதை உப்பில் காயவைத்து, பிசின் தடவி, துணி சுற்றுவது இரெத்திருவின் வேலை. பழுப்புத் துணி ஒரு பட்டை, வெள்ளைத் துணி ஒரு பட்டை, மாற்றி மாற்றிக் கட்டம் கட்டமாக வரவேண்டும். மேலே ஒரு துணி முகம் செய்து, காதை நிமிர்த்தி, கண் வரைய வேண்டும். அந்த ஊரில் அவளைப் போலக் கண் வரைய ஆள் கிடையாது. திருவிழாவுக்குப் படகுபடகாக வந்து இறங்கும் கூட்டம் அந்தத் துணிக் கட்டுகளை வாங்கி, மாரோடு அணைத்து, காதில் குறை சொல்லி அழுது, ஆத்தாளுக்குக் காணிக்கையாகக் கோயில் நிலவறையில் வைக்கக் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு பீர்க்கடைக்குப் போகும்.

கூட்டம் வருஷா வருஷம் பெருகிக்கொண்டிருந்தது. பூனை அந்த வேகத்துக்குக் குட்டி போடவில்லை. அதனால் துணி சுற்றும் கொட்டகையை மேற்பார்க்கும் ஜெத்பாஸ்த் பூசாரி ஒரு வழி செய்திருந்தார். ஒரு பூனையின் எலும்பை ஆறு கட்டில் பிரித்து வைப்பது. மிச்சத்துக்கு நாணலும் களிமண்ணும். சில கட்டில் எலும்பு வைக்கவும் மறந்துபோகும்.

"சாமி, இதுல ஒண்ணுமே இல்லையே" என்று முதல் வருஷம் இரெத்திரு கேட்டாள்.

"ஆத்தாளுக்கு உள்ள என்ன இருக்குங்கறதா முக்கியம்? கொடுக்கறவன் மனசு முக்கியம்மா" என்றார் அவர். தலையிலிருந்து கணுக்கால்வரை ஒரு முடி இல்லாமல் மழித்து, எண்ணெய் பூசி, உரித்த முட்டை மாதிரி நிற்பவர். இரெத்திரு அன்றைக்கே அவரை எடை போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு, வெறும் நாணல் கட்டின் காதில் ஆற்றின் மேல்பக்கம் மேலூரிலிருந்து வரும் கிழவர்கள் வாய் வைத்து, செத்துப்போன பெண்டாட்டியை நல்லபடி பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவதைப் பார்க்கும்போது அவளுக்குக் கிழவர்கள்மேல் இரக்கமும் வராது, பூசாரிமேல் கோபமும் வராது. இரண்டு தரப்பையும் ஒரே உதட்டுச் சுழிப்பில் தள்ளிவிடுவாள்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது உப்பு தீர்ந்துவிட்டது. மேற்குப் பாலையிலிருந்து உப்பு ஏற்றி வரும் ஜெஹோ நாலு நாள் தாமதம். இரெத்திரு கொட்டகை வாசலில் நின்று, பாதி காய்ந்த பூனைகளின் நாற்றம் முதுகில் அடிக்க, தெருவைப் பார்த்துக் கறுவிக்கொண்டிருந்தாள். நடுப்பகலுக்கு அவன் நாலு கழுதைகளுடன் தெருமுனையில் தெரிந்தான். ஒல்லியாக, புழுதி அப்பி, இளித்துக்கொண்டே வந்தான்.

கொட்டகைக்கு எதிரே தாமினின் பீர்க்கடை. அதன் சுவர் ஓரத்து நிழலில் ஒரு பட்டைப் பூனை படுத்துத் தூங்கும். அதற்கு வீடு கிடையாது. தாமின் தினம் காலையில் புளித்த கழனித் தண்ணீரை அதன்மேல்தான் ஊற்றுவாள். அது எழுந்து போய் உதறிவிட்டு, வெயில் ஏறினதும் திரும்ப அங்கேயே வந்து படுக்கும்.

கடை வாசலில் முன்கூட்டியே வந்துவிட்ட யாத்திரைப் பெண்கள் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கிலுகிலுப்பையை முதல் கழுதையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் கிலுக்கினாள். கழுதை ஒரு துள்ளு துள்ளியது. கயிறு அறுந்தது. ஆள் உயரத்து உப்பு மூட்டை சரிந்து நேராகச் சுவர் ஓரத்தில் விழுந்தது.

ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. மூட்டைக்கு அடியிலிருந்து பட்டைப்பட்டையாக ஒரு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது இரண்டு தரம் ஆடியது. பிறகு ஆடவில்லை.

தெரு அப்படியே நின்றது. அடுத்த நொடியில், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கையை உயர்த்திக்கொண்டு பத்தடி பின்னால் குதித்தார்கள்.

"நான் பாக்கும்போதே செத்துக் கெடந்துச்சு!"

"நான் தொடவே இல்ல! நான் அங்கிட்டு நின்னேன்!"

கிலுகிலுப்பைக்காரி அதை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் கரைந்துவிட்டாள். நடுவில் ஜெஹோ மட்டும் அறுந்த கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான்.

பீர்க்கடையிலிருந்து தாமின் ஓடி வந்தாள். வாலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ என் கண்ணே! என் வீட்டு மகாராணியே! மடியில போட்டு வளத்தேனே! பாவி கொன்னுட்டானே!" என்று தெருவே அதிரக் கூவினாள்.

அவ்வளவு போதும். குளத்தங்கரையில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வண்ணார் துறையிலிருந்து ஈரத் தடியோடு வந்தார்கள். யாரோ எறிந்த முதல் கல் ஜெஹோவின் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

"அண்ணே! சாமி சத்தியமா நான் இல்லண்ணே! கழுத துள்ளிச்சு! கழுதையக் கேளுங்கண்ணே!" என்று அவன் முழங்காலில் விழுந்தான்.

போன வருஷம் ஒரு படகோட்டி இதேபோல விழுந்ததை இரெத்திரு பார்த்திருந்தாள். துடுப்பு பட்டு ஒரு குட்டி செத்ததற்காக. அவனைக் கடைசியில் ஒரு பாயில் வாரி எடுத்துப்போனார்கள். வாரினவர்களில் பாதிப் பேர் மறுநாள் அதே கையால் இவளிடம் கட்டு வாங்கி ஆத்தாளுக்குக் கொடுத்தார்கள்.

பிற்பாடு யோசித்தபோது, ஏன் இறங்கினோம் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உப்புக்காரன் செத்தால் உப்பு யார் கொண்டுவருவது என்ற எரிச்சல் கொஞ்சம். தாமினின் மாரடிப்பைப் பொறுக்க முடியாதது கொஞ்சம். எப்படியோ, அவள் கால் தெருவில் இறங்கியிருந்தது. மூட்டைமேல் ஏறி நின்றிருந்தாள். வாய் தானாகக் கத்திக்கொண்டிருந்தது.

"யாரும் கிட்ட வராதீங்க! மூட்டையத் தொடாதீங்க! ஆத்தா உப்புல எறங்கியிருக்கா!"

மண்வெட்டிகள் நின்றன.

"என்னடி ஒளர்றே?" என்றாள் தாமின். "எறங்குடி கீழ. செத்தது என் பூனை."

"உன் பூனையா? பேரு என்ன, சொல்லு."

"பேரு... மியூ."

"ஊர்ல இருக்கற அத்தன பூனைக்கும் அதான்டி பேரு. இதை உன் மடியில போட்டு வளத்தியா? அப்ப காலையில கழனியக் குளிப்பாட்டறதுக்கா ஊத்துனே?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவனைப் பக்கத்தில் இருந்தவன் முறைத்தான். ஆனால் சிரிப்பு வந்த கூட்டத்தின் கை கொஞ்சம் தளர்ந்துதான் போகும். அந்தத் தளர்ச்சி மறைவதற்குள் அவள் பேசிவிட வேண்டும்.

"எல்லாரும் கேளுங்க. இந்த உப்பு எங்க போற உப்பு? கோயிலுக்குப் போற உப்பு. ஆத்தாளுக்கு உடம்பு காயவைக்கற உப்பு. மூட்டை ஒண்ணு விழுறப்போ பூனை என்னா பண்ணும்? குதிச்சு ஓடும். ஒரு கொசு பறந்தா முழிச்சுக்கற சாதி அது. இது ஓடலயே, ஏன்? தானா வந்து உப்புக்கு அடியில படுத்துக்கிச்சு. கோயிலுக்கு வர்றேன்னு அவளே சொல்லிட்டா. இந்தக் கழுதைக்காரன் யாரு? தூக்கிட்டு வந்த பல்லக்கு. பல்லக்க ஒடைக்கறவன் யாரு இங்க, முன்னாடி வாடா பாக்கலாம்!"

யாரும் வரவில்லை. யாரும் கல்லையும் கீழே போடவில்லை. அப்போதுதான் சத்தம் கேட்டு ஜெத்பாஸ்த் பூசாரி நாணல் செருப்பைச் சரசரவென்று தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்ன இது?"

"சாமி, இவன் பூனையக் கொன்னுட்டான்" என்றது பாதிக் கூட்டம்.

"ஆத்தா எறங்கிட்டாளாம் சாமி" என்றது மீதிக் கூட்டம்.

பூசாரி இரெத்திருவைப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள். "சாமி, நேத்து நீங்கதானே சொன்னீங்க. இந்தத் திருவிழாவுக்கு ஆத்தா தானா ஒரு உடம்பத் தேடிக்கிட்டு வருவான்னு? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கினார். அவள் மூட்டையிலிருந்து குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தேன் ஒழுகச் சொன்னாள்: "ஒருவேள நான் தப்பாக் கேட்டிருந்தா, உள்ள அடுக்கி வெச்சிருக்கற கட்டெல்லாத்தையும் இவங்க முன்னாடி பிரிச்சுப் பாத்துடலாமா சாமி? எதுல ஆத்தா இருக்கா, எதுல நாணல் இருக்குன்னு?"

உரித்த முட்டையில் வியர்வை துளிர்த்தது. பூசாரி கூட்டத்தின் கையிலிருந்த தடிகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினார். சும்மா சொல்லக்கூடாது, குரல் மட்டும் நல்ல குரல்.

"சொன்னேன்! ஆத்தா என் வாயால சொல்ல வெச்சா! வந்துட்டா!"

தெரு மொத்தமும் தொபதொபவென்று குப்புற விழுந்தது. முதல் கல்லை எறிந்தவன்தான் முதலில் ஊர்ந்து வந்து மூட்டையை முத்தமிட்டான். தாமின் உடனே மாரடிப்பின் ராகத்தை மாற்றி, "என் கடை வாசல்லயே எறங்கினாளே தாயே!" என்று குலவையிட ஆரம்பித்தாள்.

இரெத்திரு ஜெஹோவின் கையைப் பிடித்து இழுத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோனாள். பயத்தில் நனைந்துபோயிருந்த அவன் இடுப்புத் துணியை மாற்ற ஒரு பழந்துணி கொடுத்தாள். காதைக் கழுவிப் பிசின் வைத்தாள். ரொட்டியும் வெங்காயமும் ஒரு குடுவை பீரும் வைத்தாள்.

"அக்கா, நீ எனக்குத் தாய் அக்கா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"காலை விடு. உப்பை எறக்கு. நாலு நாளா இங்க பூனை நாறுது" என்றாள் இரெத்திரு.

இதோடு முடிந்திருந்தால் அவள் இந்தக் கதையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே கிழவியாகியிருப்பாள். முடியவில்லை.

மூன்றாம் நாள் ஜெஹோ ஊரைவிட்டுப் போகாமல் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். பூனை செத்த வீட்டில் துக்கம் காக்கிறவர்கள் மாதிரி புருவத்தை மழித்திருந்தான். "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றான். "அன்னிக்குக் கழுத துள்றதுக்கு முன்னால என் காதுல ஒரு கொரல் கேட்டுச்சு."

"கேக்கும். கிலுகிலுப்பை."

"இல்லக்கா. பொம்பளக் கொரல். 'ஜெஹோ, கயித்த விடு'ன்னு."

"அது என் கொரலா இருக்கும். 'ஏண்டா இவ்வளவு தாமசம்'ன்னு கத்துனேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தான். ஐந்தாம் நாள் அவன் பேச்சில் 'அக்கா' குறைந்துவிட்டது. ஏழாம் நாள் கோயில் அவனுக்கு வெள்ளைத் துணி கொடுத்தது. தாமினின் கடைச் சுவர் ஓரத்தில், அதே மூட்டைமேல், கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்து, வருகிறவர்களின் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைக்க ஆரம்பித்தான். பாலை உப்பு தின்கிற உப்பு அல்ல, வாயில் வைத்தால் குடலைப் புரட்டும். வாந்தி எடுத்தவர்கள் பாவம் வெளியே போகிறது என்று மகிழ்ந்தார்கள். வாய் கொப்பளிக்கத் தாமினிடம் பீர் வாங்கினார்கள். துள்ளிய கழுதையின் வாலில் ஆளுக்கொரு முடியாகப் பிடுங்கிப் பிடுங்கி, பத்து நாளில் அது எலி வால் மாதிரி ஆகிவிட்டது. அந்த ஊரிலேயே இந்த ஆத்தாமேல் உண்மையான குறை உள்ள ஒரே ஜீவன் அந்தக் கழுதைதான் என்று இரெத்திரு பாமியிடம் சொன்னாள். பாமி சிரித்தான்.

பன்னிரண்டாம் நாள் மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது சிரிக்கவில்லை. ரொட்டியைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா?"

"கழுத்து வேணாம்னுட்டாங்க."

"எது வேணாம்?"

"திருகக் கூடாதாம். இனிமே மூட்டைதான். வர்ற பெரிய எடத்துக்காரங்க எல்லாம் உப்புல எறங்கின பூனைதான் வேணும்னு கேக்கறாங்களாம். சாமி சொன்னாரு. இன்னிக்கு ஒண்ணு செஞ்சு பாக்கச் சொன்னாரு."

இரெத்திரு அடுப்பை விட்டு எழுந்து வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"செஞ்சியா?"

"சாம்ப நெறம். போன அறுவடைக்கு நான்தான் பால்ல துணி நனைச்சு ஊட்டிக் காப்பாத்தினேன். கூப்ட்டா வரும். வந்துச்சு." அவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்தான். "மூட்டை உடனே கொல்லாது, இரெத்து. அன்னிக்கு உயரத்துலேர்ந்து விழுந்துச்சு. நாம வெச்சா அப்படி இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ரொட்டி வேகற நேரம்."

பதினோரு வருஷத்தில் அவன் அவளிடம் இவ்வளவு பேசியது அன்றுதான். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எல்லோரையும் பார்த்துச் சுழித்துக்கொண்டே இருந்த உதடு அன்றைக்கு எந்தப் பக்கம் சுழிப்பது என்று தெரியாமல் கிடந்தது. மூட்டைமேல் ஏறி நின்று கத்தியது இவள்தானே.

மறுநாள் காலையில் நேரே பூசாரியிடம் போனாள். அவர் நிழலில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"சாமி, அது நான் சொன்ன பொய்."

"எது?"

"உப்புல எறங்கினது. ஒருத்தன் உசுரு போகக் கூடாதேன்னு சொன்னேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் அவர், காம்பைக் கிள்ளிக்கொண்டே. "நல்லா சொன்னே. என்னால அவ்வளவு சட்டுன்னு யோசிக்க முடிஞ்சிருக்காது."

"அப்ப நிறுத்துங்க. கழுத்தத் திருகறது போதும். சட்டுனு போயிடும்."

"எப்படிம்மா நிறுத்தறது? மேலூர்லேர்ந்து ஒரு படகு முழுக்கப் பெரிய மனுஷங்க வர்றாங்க. ஆத்தா எறங்கறதக் கண்ணால பாக்கணுமாம்."

"நிறுத்தலேன்னா கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்குச் சொல்லுவேன்."

பூசாரி இந்த முறை வியர்க்கவில்லை. "சொல்லேன். அன்னிக்கு ஊரு தடியும் கையுமா கொட்டகை வாசல்ல நின்னுச்சு. பயந்தேன். இன்னிக்கு அந்த ஊரு என் பின்னால நிக்குது, நீ நிறுத்தி வெச்ச எடத்துல. போய்ச் சொல்லு. கட்டு சுத்தினவ நீ. மொதல்ல எந்தக் கைய ஒடைப்பாங்க?" ஒரு பழத்தை அவளிடம் நீட்டினார். "தின்னு. இனிப்பா இருக்கு."

அவள் வாங்கவில்லை. ஜெஹோவிடம் போனாள். அவன் வார்த்தைக்கு இப்போது ஊரில் எடை இருந்தது. மூட்டையைச் சுற்றி நாற்பது பேர் கைகூப்பி நின்றார்கள். அவள் தள்ளிக்கொண்டு முன்னால் போய், குரலைத் தாழ்த்தி, "ஜெஹோ, ஒரு வார்த்தை. ஆத்தா கனவுல வந்து மூட்டை வேணாம்னு சொன்னான்னு மட்டும் சொல்லிடுப்பா" என்றாள்.

அவன் பாதி மூடிய கண்ணை முழுதாகத் திறந்தான். அவள் பிசின் வைத்த காது இன்னும் சரியாக ஆறவில்லை.

"ஆத்தா என்ன சொல்லணும்னு நீ சொல்லுவியா?"

"ஏன்டா, போன தடவ சொன்னது யாரு?"

"இந்தாம்மா, தள்ளி நில்லு" என்றான் அவன், எல்லோரும் கேட்கும்படி. "உன் மேல செத்த பூனை வாடை அடிக்குது. சுத்தமான எடம் இது."

நாற்பது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். இரெத்திரு அவனையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கூட்டம் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று இன்னும் இரண்டடி நகர்ந்தது. அந்தச் சிரிப்போடே தெருவைக் கடந்து கொட்டகைக்குள் போனாள். உள்ளே போனதும் உட்கார்ந்து, நல்ல துணியாகப் பார்த்து எடுத்து, தைக்க ஆரம்பித்தாள்.

திருவிழாவின் முதல் நாள் படகுகள் கிலுகிலுப்பையும் குழலும் கைதட்டலுமாக வந்து சேர்ந்தன. பெண்கள் திருவிழா வழக்கப்படி கரையில் நிற்பவர்களைப் பார்த்துத் துணியைத் தூக்கிக் காட்டி வசை பாடினார்கள். ஊர் குடித்தது. மேலூர்ப் பெரிய மனுஷர்கள் கோயில் பின்முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் உப்பு மூட்டை. ஜெத்பாஸ்த் பூசாரி கையைத் தூக்கத் தயாரானபோது, இரெத்திரு கையில் ஒரு நாணல் கூடையோடு வந்தாள். கூடையை மூடி நீலக் கரை போட்ட வெள்ளைத் துணி. ஒரு பக்கத்தில் மட்டும் கை நுழையும் அளவு திறப்பு.

"என்ன இது?" என்றார் பூசாரி உதட்டை அசைக்காமல்.

அவள் பாய்களைப் பார்த்துப் பேசினாள். அன்று தெருவில் பேசிய அதே குரல். "ஆத்தா உடம்பு மாத்தற நேரம் மனுஷன் கண்ணு படலாமா பெரியவங்களே? பொண்ணு துணி மாத்தறப்போ எட்டிப் பாப்பமா? அன்னிக்குத் தெருவுலயும் வாலுதானே தெரிஞ்சுது? அவ முகத்த மறைச்சுக்கிட்டுத்தான் போனா. அதனால திரை."

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பெரிய மனுஷர்களுக்கு, தாங்கள் பார்க்கக் கூடாதது ஒன்று இருக்கிறது என்றால் அதன் மதிப்பு உடனே ஏறிவிடும்.

பாமி முன்னால் வந்து மண்டியிட்டான். திறப்பு வழியாக வலக்கையை விட்டான். அவன் முழங்கை லேசாக அசைந்துகொண்டிருந்தது. முற்றத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால், கூடைக்குள்ளிருந்து குர்குர் என்று சொக்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஆத்தா பாடறா!" என்று ஒரு கிழவி முனகினாள்.

சத்தம் நின்றது. பாமி கையை எடுத்தான். நாலு பேர் மூட்டையைத் தூக்கி மெதுவாகக் கூடைமேல் வைத்தார்கள். நாணல் நொறுங்கியது. வேறு ஒரு சத்தமும் இல்லை. துள்ளல் இல்லை, அலறல் இல்லை. பாய்கள்மேல் இருந்த பெரிய மனுஷர்கள் கேவிக் கேவி அழுதார்கள்.

பூசாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவர் முட்டாள் இல்லை. கை கூடைக்குள் எதற்குப் போனது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரெத்திரு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவர் கத்திக் காட்டிக்கொடுத்தால் அடுத்துச் சொல்ல அவளிடம் எந்தப் பொய்யும் மீதி இல்லை.

அவர் அவள் பக்கம் சாய்ந்து, "இது நல்லா இருக்கே. அலறல் இல்லாம, மரியாதையா இருக்கு. நாளைக்கும் திரை போடு" என்றார்.

அவளுக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும் போலவும் இருந்தது. இரக்கத்தால் ஆகாதது அலங்காரத்தால் ஆனது. சரி, ஆனதே போதும். நொறுங்கிய கூடையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசி நாளன்று, மேலூரிலிருந்து வந்த ஒரு யாத்திரைக்காரி கொட்டகை வாசலில் இளைப்பாற உட்கார்ந்தாள். குண்டான, வாயாடியான பெண். புருவம் மழித்த முகத்தில் மை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஏம்மா, நீ இந்த ஊருதானே? உப்பாத்தா கதை முழுசாத் தெரியுமா உனக்கு?"

"அரைகொறையாத் தெரியும். சொல்லுங்க" என்றாள் இரெத்திரு.

யாத்திரைக்காரி காலை நீட்டிக்கொண்டாள். ஜெஹோ என்ற மகான் ஏழு வருஷம் பாலையில் உப்பை மட்டும் தின்று தவம் கிடந்தது, தங்கக் கண் பூனை ஒன்று அவன் கனவில் வந்து வழி சொன்னது, தாமின் என்ற புண்ணியவதி அந்தப் பூனையைத் தன் பிள்ளைக்கு ஊட்டுவதற்கு முன் பால் ஊட்டி வளர்த்தது, கழுதை மனிதக் குரலில் பேசியது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளு. ஆத்தா எறங்கற நேரத்துல ஒரு பாவி, கல்லைத் தூக்கி மகான் காதுல அடிச்சுட்டாளாம்!"

"அடிப்பாவி. யாரு அது?"

"இங்கதான் கோயிலுக்குப் பின்னால இருக்காளாம். யாரோ பூனைக் கழுத்துத் திருகறவன் பொண்டாட்டி."

"அவ என்ன ஆனா?"

"அந்த எடத்துலயே ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சாம். இப்ப பிச்சை எடுக்கறா."

"நல்லா வேணும் அவளுக்கு" என்றாள் இரெத்திரு.

அன்று மாலை வீட்டில் கருவாட்டைச் சுட்டு, பயறு வேகவைத்து, பாமிக்கு வைத்தாள். கதையைச் சொன்னாள். அவன் மென்றுகொண்டே கேட்டான். கண் அவிந்துபோன இடம் வந்ததும் நிறுத்தினான்.

"ரெண்டு கண்ணுமா?"

"ரெண்டும்."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான். "அப்ப இந்தக் கருவாட்டுல முள்ளை எடுத்தது யாரு?" என்றான்.

இரெத்திரு சிரித்தாள். இருவரும் தட்டைக் காலி செய்தார்கள். பாமி வாசலில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். படகு எல்லாம் போனாலும் பூசாரி நாளைக்கு இன்னும் நாலு பூனை கேட்டிருக்கிறார் என்றான். அவள் எழுந்து, புதுக் கூடைக்கு நாணலைத் தண்ணீரில் ஊறப் போட்டாள்.